திருமலைக் கரையில் காலாற நடப்போம்!

உங்கள் வீட்டிலும் இரு பக்கத்து வீடுகளிலும் சீனி வருத்தத்துக்கோ பிரஷருக்கோ மாத்திரை எடுக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் போதுமா? பல வீடுகளில் போதாது. இலங்கையில் வளர்ந்தவர்களில் பத்துப் பேருக்கு ஒருவருக்கும் மேல் நீரிழிவு இருக்கிறது. கிளினிக்குக்குப் போனால் வைத்தியர் மாத்திரையை எழுதிவிட்டுக் கூடவே ஒரு வார்த்தையும் சொல்கிறார்: "தினமும் அரை மணி நேரம் நடவுங்கள்." நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். மாத்திரை உள்ளே போகிறது. நடை மட்டும் நடக்கவே இல்லை.

கேட்டால் பதில் தயாராக இருக்கிறது. "வீட்டு வேலை செய்து களைத்த பிறகு தனியாக ஒரு நடையா?" "நான் எங்கே போய் நடப்பது?" "பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?"

அன்புச் சகோதரிகளே! திருகோணமலை மாவட்டத்தில் இருந்துகொண்டு எங்கே நடப்பது என்று கேட்பது, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் எங்கே என்று கேட்பதற்குச் சமம். உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம் வாசலில் இருக்கிறது. அதைச் சுற்றிக் குன்றுகள், மணற்கரைகள், கோட்டை, பாலம், வெந்நீர்க் கிணறுகள். பல ஆயிரம் மைல் தொலைவிலிருந்து வெள்ளைக்காரப் பெண்கள் வந்து இந்தக் கரையில் நடந்துவிட்டுப் போகிறார்கள். நம்மில் பலரோ பெருநாள் மாலையில் பிள்ளைகளோடு ஒரு தடவை கடலைப் பார்ப்பதோடு சரி.

இந்தக் கட்டுரை உங்களுக்குப் பயணக் கதை சொல்ல வரவில்லை. எங்கே நடக்கலாம், எப்போது நடக்கலாம், எப்படி நடக்கலாம், எங்கே போகக்கூடாது என்பதைத்தான் சொல்ல வருகிறது.

நம் கால்கள் ஏன் மறந்தன?

நம் உம்மம்மாமார் நடைப் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. தண்ணீருக்கு நடந்தார்கள், விறகுக்கு நடந்தார்கள், வயலுக்கு நடந்தார்கள், நெல்லைக் குற்றினார்கள். இன்று குழாயைத் திறந்தால் தண்ணீர், தட்டினால் அடுப்பு, கூப்பிட்டால் வாசலில் ஓட்டோ. அல்ஹம்துலில்லாஹ், இவை எல்லாம் நல்ல வசதிகள்தான். ஆனால் உடம்பு உழைத்த இடத்தை வேறு எதனாலும் நாம் நிரப்பவில்லை.

நம் மாவட்டத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போர். சோதனைச் சாவடியும் துப்பாக்கிச் சத்தமும் இருந்த காலத்தில் பெண்பிள்ளையை வெளியே அனுப்பும் துணிவு யாருக்கு இருந்தது? 2006 ஓகஸ்ட்டில் மூதூர் மக்கள் ஊரையே விட்டு வெளியேற வேண்டி வந்தது. அதற்கு முன் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்து கிண்ணியாவையும் மூதூரையும் அடித்தது. கரையோரம் இருந்த கிண்ணியா வைத்தியசாலையையும் அது விட்டுவைக்கவில்லை. அதன் பிறகு கடல் என்றாலே நெஞ்சு படபடக்கும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள்.

போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. பயம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் அந்த ஆண்டுகளில் வீட்டுக்குள் இருந்து பழகிய பழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை. பயத்துக்காகப் பூட்டிய கதவைப் பயம் போன பிறகும் பூட்டியே வைத்திருக்கிறோம்!

இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் வளர்ந்தவர்களில் 31 சதவீதமானோர் போதிய உடலசைவு இல்லாமல் இருந்தார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2024ல் அறிவித்தது. ஆண்களில் இது 29 சதவீதம், பெண்களில் 34 சதவீதம். எங்கும் பெண்தான் பின்தங்கி நிற்கிறாள். அவள் சோம்பேறி என்பதால் அல்ல. தனக்கென்று அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும் உரிமை தனக்கு உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ஹாஜரா அம்மையாரின் ஓட்டம்

பெண் நடப்பதும் ஓடுவதும் நமக்குப் புதிய செய்தியா? பச்சைப் பாலகனின் தாகத்துக்குத் தண்ணீர் தேடி, ஆளில்லாப் பள்ளத்தாக்கில் ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு தடவை ஓடியவர் ஹாஜரா (அலை) அவர்கள். அந்தத் தாயின் காலடியைத்தான் இன்று ஆணும் பெண்ணும், அரசனும் ஏழையும் ஸஃயு என்று பின்பற்றுகிறார்கள். நாயகம் (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரலி) அவர்களும் ஒரு பயணத்தில் ஓட்டப் பந்தயம் வைத்ததையும், அன்று ஆயிஷா (ரலி) முந்தியதையும், பின்னொரு நாளில் நாயகம் (ஸல்) முந்தியதையும் அபூதாவூதில் காணலாம்.

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ நிய்யத்து வைத்திருக்கும் சகோதரிகள் இதைச் சற்று நிதானமாகக் கேளுங்கள். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடைத் தூரத்தை 400 முதல் 450 மீற்றர் வரை கணக்கிடுகிறார்கள். ஏழு தடவைக்கு ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர். அதற்கு முன் தவாபின் ஏழு சுற்று. ஹஜ் என்றால் மினா, அரபா, முஸ்தலிபா, ஜமராத் என்று நாட்கணக்கில் நடை. பணத்தைப் பல ஆண்டுகள் சேர்க்கிறோம், துஆக்களைப் பாடமாக்குகிறோம். நடக்க வேண்டிய முழங்காலுக்கு மட்டும் எந்த ஆயத்தமும் செய்வதில்லை. அங்கே போய்ச் சக்கர நாற்காலி தேடுவதைவிட, இங்கேயே ஆறு மாதம் முன்பாக நடக்கத் தொடங்குவது மேல் அல்லவா?

அளந்து வைத்த நடை: கிண்ணியாப் பாலம்

அந்த ஆயத்தத்துக்கு அளந்து செய்தது போல ஓர் இடம் நம்மிடம் உண்டு. 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். ஸஃயு செய்யும் தூரமும் ஏறத்தாழ இவ்வளவுதான்! சவூதி அரேபியாவின் உதவியோடு கட்டப்பட்ட இந்தப் பாலம், திறந்த காலத்தில் இலங்கையின் மிக நீளமான பாலமாக இருந்தது. அதற்கு முன் நாம் "பாதை" என்று சொல்லும் மிதவையில்தான் மக்கள் கரை கடந்தார்கள். நோயாளியும் கர்ப்பிணியும் அதற்குக் காத்து நின்ற காலத்தை மூத்தவர்கள் மறக்கவில்லை. குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பர் 23 அன்று மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உயிரிழந்ததை நினைத்துப் பார்த்தால், காலால் நடந்து கடக்க ஒரு பாலம் இருப்பது எவ்வளவு பெரிய நிஃமத் என்று புரியும்.

கிண்ணியாப் பக்கமிருந்து பிஸ்மி சொல்லித் தொடங்குங்கள். ஒரு தடவை கடந்தால் 396 மீற்றர். ஏழு தடவை கடந்தால் 2,772 மீற்றர். அப்போது நீங்கள் அக்கரையில், வெள்ளைமணல் பக்கம் நிற்பீர்கள். எட்டாவது தடவை கடந்து வீடு திரும்பினால் மூன்று கிலோமீற்றர் தாண்டிவிடும். முதல் வாரத்தில் இரண்டு தடவை போதும். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டிக்கொண்டு போங்கள். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லை, வழி தவற இடமில்லை, இரு புறமும் தண்ணீர்க் காற்று. வாகனம் ஓடும் பாலம் என்பதால் ஓரத்தை விட்டு இறங்காமல், இருவர் இருவராக நடப்பது அவசியம். நடுவில் நின்று படம் எடுக்கும் வேலையெல்லாம் வேண்டாம்.

நகரத்துக்கு இரண்டு கடல்

திருகோணமலை நகரம் ஒரு தரைக் கழுத்தில் இருக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உள்துறைமுகம். அதனால் நகரத்துச் சகோதரிகளுக்கு இரண்டு கரை வாய்த்திருக்கிறது. காலையில் கிழக்குக் கரையில் சூரியன் உதிப்பதைப் பார்த்து நடக்கலாம். மாலையில் உள்துறைமுக வீதியில் சூரியன் குன்றுகளுக்குப் பின்னால் இறங்குவதைப் பார்த்து நடக்கலாம். உள்துறைமுக வீதி சமதளம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், முதன்முதலாகத் தொடங்குபவர்களுக்கும் ஏற்றது. கொஞ்சம் ஏற்றம் வேண்டுபவர்கள் உவர்மலைப் பக்கம் ஏறி இறங்கலாம்.

இன்னும் சற்று ஏறிப் பார்க்க ஆசையா? பிரெட்ரிக் கோட்டை இருக்கிறது. போர்த்துக்கீசர் 1624ல் கட்டியதை ஒல்லாந்தர் 1639ல் பிடித்தார்கள். 1795ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை வாசலிலிருந்து கோணேசர் ஆலயம் இருக்கும் பாறை உச்சி வரை தார்ப் பாதை மெல்ல ஏறிச் செல்கிறது. வழியெல்லாம் மர நிழல், நிழலில் புள்ளிமான்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் மான்களைப் பார்த்துக்கொண்டே ஏற்றம் ஏறியது தெரியாமல் ஏறிவிடுவார்கள். மானுக்குத் தின்பண்டமும் பொலித்தீன் பையும் கொடுக்க விடாதீர்கள். பொலித்தீன் வயிற்றில் சிக்கினால் அதற்கு மரணம்தான்.

உச்சிப் பாறை கடலிலிருந்து முந்நூறு அடிக்கும் மேல் செங்குத்தாக நிற்கிறது. அதன் அருகே கடல் வெகு ஆழம். அதனால் நீலத் திமிங்கிலம் இந்தக் கரைக்குப் பக்கமாக வருவதும், அதிர்ஷ்டம் இருந்தால் மேலிருந்தே அதன் நீர்ப் பீச்சலைக் காண்பதும் உண்டு. அல்லாஹ்வின் படைப்பில் மிகப் பெரிய உயிரினத்தை நம் ஊரிலேயே நின்று பார்ப்பது சிறிய விஷயமா? இரண்டு கவனம் வேண்டும். கோட்டைக்குள் இராணுவத்தின் பகுதிகள் உள்ளன, பொதுப் பாதையை விட்டு விலகக்கூடாது. உச்சியில் இருப்பது இந்துச் சகோதரர்களின் புனித இடம், அங்கே வழிபாட்டு நேரத்தில் கூட்டமாகச் சத்தம் போடாமல், அவர்களின் ஒழுங்கை மதித்து நடக்க வேண்டும். நம் பள்ளிவாசலில் மற்றவர்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் அதைத்தானே!

உப்புவெளி முதல் நிலாவெளி வரை

நகரத்துக்கு வடக்கே அலஸ்தோட்டம், உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று கரை நீண்டுகொண்டே போகிறது. இந்த மணலில் நடப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. காய்ந்து பொதபொதக்கும் மணலில் நடந்தால், கெட்டித் தரையில் நடப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு சக்தி செலவாகும். உடம்பு இளைக்க நல்லதுதானே என்று முதல் நாளே அதில் இறங்கிவிடாதீர்கள். கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பிடித்துக்கொள்ளும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணல்தான் கெட்டியானது. அதில் தொடங்குங்கள்.

இன்னொன்று. கரை கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக நடந்துகொண்டே போனால் ஒரு கால் மேலேயும் மறு கால் கீழேயுமாக மிதித்து இடுப்பு வலிக்கும். போன வழியே அதே அளவு திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் சமமாகிவிடும். கடிகாரத்தைப் பார்த்துப் போக்குக்குப் பத்து நிமிடம், வரவுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் கணக்கும் எளிது, களைத்துப்போய் நடுவழியில் நிற்கவும் தேவையில்லை.

உல்லாசப் பயணிகள் கூடும் பகுதியில் நமக்குச் சங்கடமான காட்சிகள் இருக்கும் என்று பல சகோதரிகள் தயங்குவது நியாயம். விடுதிகள் இல்லாத பகுதியும், காலை வேளையும் அதற்கு வழி. அந்நேரம் கரையில் வலை இழுப்பவர்களும் நண்டுகளும்தான்.

குடும்பத்தோடு ஒரு நாள்

அன்றாட நடைக்கு வீட்டுக்கு அருகே உள்ள பாதைதான் சரி. மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு சற்றுத் தூரமும் போகலாம்.

அநுராதபுர வீதியில் நகரத்திலிருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றரில் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு இல்லை. நிலத்தடி ஆழத்தில் சூடேறிய தண்ணீர் பாறை வெடிப்பு வழியாக மேலே வருவதால் இந்தச் சூடு.

நிலாவெளிக்கு எதிரே கடலில் புறாமலை. 2003ல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. படகில் போய், அனுமதிச் சீட்டு எடுத்து இறங்க வேண்டும். சிறிய தீவுதான், ஆனால் பாறையும் மரமுமாக ஏறி இறங்க நன்றாக இருக்கும். தண்ணீருக்குள் தெரியும் பவளப் பாறை கல் அல்ல, உயிர். அதை மிதிக்கவும் ஒடிக்கவும் பிள்ளைகளை விடாதீர்கள்.

தெற்கே கொட்டியாரக் குடாவின் கரையில் மூதூர். இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலி கடலில் கலப்பது இந்தக் குடாவில்தான். 1660ல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய வாலிபன் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டதும் இங்கேதான். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து, 1679ல் காட்டு வழியே நடந்தே மன்னார்ப் பக்கம் தப்பிப் போனான். பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடத்தை இந்தக் கரையில் நடந்துகொண்டே சொல்லிக் கொடுக்கலாம். ஆற்று முகங்களிலும் களப்பு ஓரங்களிலும் முதலை உண்டு. அங்கே தண்ணீரில் கால் நனைக்க வேண்டாம்.

போகக்கூடாத இடங்கள்

திருகோணமலை அழகான ஊர் மட்டும் அல்ல, படைத்துறை ஊரும்கூட. கடற்படைத் தளம், துறைமுக வாயிலில் உள்ள ஒஸ்தென்பர்க் கோட்டை மேடு, சீனக்குடா விமானப்படைத் தளம், ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் உள்ள காட்டுப் பகுதி ஆகியவற்றுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக்கூடாது. குறுக்கு வழி என்று வேலிக்குள் போகாதீர்கள்.

ஊருக்கு உட்புறமாகச் சேருவில, தம்பலகாமம், மொரவெவப் பக்கக் காட்டோரப் பாதைகளில் யானை நடமாட்டம் உண்டு. அதிகாலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் அந்தப் பாதைகள் நமக்கு உரியவை அல்ல. போர் நடந்த பிரதேசம் என்பதால், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள்ளும் கால் வைக்காதீர்கள். கரையில் நடக்கும்போது நிலம் பலமாக அதிர்ந்தாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, வேடிக்கை பார்க்காமல் உடனே உயரமான இடத்துக்கு ஓட வேண்டும். 2004 நமக்குக் கற்றுத் தந்த பாடம் அது. பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

எந்தக் காலம்? எந்த நேரம்?

நம் கரைக்கு ஆண்டில் இரண்டு முகம். ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும் கொந்தளிக்கும் கடலும். அப்போது அலை அருகே போகாமல் வீதியோடு நடக்க வேண்டும். மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று. கடல் அமைதிதான், ஆனால் வெயில் சுட்டெரிக்கும். பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் தொடங்குவதற்கு இதமானவை.

சுபஹ் தொழுது, வெளிச்சம் பரவியதும் புறப்படுவது மிகச் சிறந்தது. "பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டுமே!" என்கிறீர்கள். உண்மைதான். அவர்களை அனுப்பிய கையோடு வீடு திரும்பாமல் இருபது நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். கச்சான் காலத்தில் அந்நேரமே வெயில் ஏறிவிடும் என்பதால், அஸருக்குப் பிறகு புறப்பட்டு மஃரிபுக்கு முன் வீட்டுக்கு வந்துவிடலாம். நோன்பு மாதத்தில் நோன்பு திறந்து சற்று ஆறிய பிறகு வீதியோரம் மெல்ல நடந்தால் போதும்.

உடையைப் பற்றிக் கவலை வேண்டாம். அபாயா நடைக்குத் தடை அல்ல. ஆனால் கறுப்பு நிறம் வெயிலை உறிஞ்சும், சில துணிகள் வியர்வையை வெளியே விடாது. நடைக்கென்று மெல்லிய நிறத்தில், பருத்தித் துணியில், கணுக்காலில் தடக்காத நீளத்தில் ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். செருப்புக்குப் பதில் பின்புறம் மூடிய சப்பாத்து. ஒரு போத்தல் தண்ணீர். தலை சுற்றல், குமட்டல், வியர்வை நின்று உடம்பு கொதித்தல் வந்தால் உடனே நிழல், தண்ணீர், வைத்தியர்.

எவ்வளவு நடப்பது?

வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். ஒரேயடியாக முடியாவிட்டால் காலையில் பதினைந்து, மாலையில் பதினைந்து. மிதமான வேகம் என்றால் என்ன? நடந்துகொண்டே பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பைத்து பாட மூச்சு இடம் கொடுக்கக்கூடாது. அதுதான் அளவு. வீட்டு வேலையும் உடம்புக்கு நல்லதே. ஆனால் மூச்சுச் சற்று வாங்கும்படியான தொடர்ந்த அசைவு அதில் குறைவு.

சீனி வருத்தம் உள்ளவர்கள் சில விஷயங்களைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இன்சுலின் அல்லது சீனியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடக்கக்கூடாது. கையில் நான்கு டொபியோ குளுக்கோஸோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டால் உடனே வாயில் போடுங்கள். மணல் எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சிப்பி கிழித்தாலும், சூட்டு மணல் பொசுக்கினாலும், உணர்ச்சி குறைந்த காலுக்குத் தெரியாது. சிறு புண் பெரிதாகி விரலை எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தையும் விரலிடுக்கையும் பாருங்கள். நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடமும், கர்ப்பிணிகள் கிளினிக்கிலும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஓடலாமா?

ஏன் கூடாது? இல்ல விளையாட்டுப் போட்டியில் நம் சிறுமிகள் மான்குட்டி போல ஓடுகிறார்கள். வயது வந்ததும் அந்தக் கால்களைக் கட்டிப் போடுகிறோம். பஹ்ரைனைச் சேர்ந்த ருகையா அல்கஸ்ரா தலை முதல் கால் வரை மறைத்த உடையோடு ஓடித்தான் 2006ல் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 200 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 2012ல் லண்டன் ஒலிம்பிக்கில் ஸாரா அத்தார், சவூதி அரேபியாவின் முதல் பெண் ஓட்ட வீராங்கனையாகத் தலையை மறைத்து 800 மீற்றர் ஓடினார். கடைசியாகத்தான் வந்தார். ஆனால் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. நம் நாட்டிலிருந்து எவரெஸ்ட் உச்சியை முதலில் தொட்டவரும் ஒரு பெண்தான். 2016 மே மாதத்தில் ஜயந்தி குரு உதும்பால அதைச் சாதித்தார்.

நமக்குப் பதக்கம் வேண்டியதில்லை. ஆறு வாரம் நடந்து பழகிய பிறகு, ஒரு நிமிடம் மெல்ல ஓடி இரண்டு நிமிடம் நடங்கள். அப்படி ஆறு ஏழு சுற்று. மூட்டில் வலி வந்தால் நடைக்குத் திரும்புங்கள். வளர்ந்த மகள் இருந்தால் அவளையும் கூட்டிச் செல்லுங்கள். அவள் ஓடட்டும், நீங்கள் நடங்கள்.

தனியே வேண்டாம், கூட்டாக

"பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்ற கேள்வி இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒருத்தி தனியாக நடந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஐந்து பேர் சேர்ந்து நடந்தால் ஒரு வாரம் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் அவர்கள் வீட்டுப் பெண்களும் கேட்பார்கள், "நாங்களும் வரலாமா?" என்று. மாமி, மச்சி, பக்கத்து வீட்டு ராத்தா, எதிர்வீட்டுத் தமிழ் அக்கா என்று ஒரு சிறு கூட்டம் சேருங்கள். நேரத்தை நிலையாக வையுங்கள். எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். புறம் பேசாமல் நடந்தால் காலுக்கும் நன்மை, நாவுக்கும் நன்மை.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. காலையில் அரை மணி நேரம் பிள்ளைக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, சோற்றுப் பார்சலைக் கட்டிக் கொடுங்கள். உங்கள் உம்மாவும் மனைவியும் மகளும் நோயாளியாகிப் படுத்த பிறகு வைத்தியசாலை வாசலில் காத்திருப்பதைவிட அது எளிது. அஸருக்குப் பிறகு நீங்களே துணையாக நடந்தால் அதைவிடச் சிறப்பு.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கும் சகோதரிகள், பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் உள்ளூராட்சி சபையிடமும் மூன்றே மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: நடக்கும் பாதையில் எரியும் விளக்கு, உட்கார இரண்டு வாங்கு, பெண்களுக்கு ஒரு சுத்தமான கழிப்பறை. மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே 300 கிலோமீற்றருக்கும் மேல் "பெக்கோ" நடைப்பாதை அமைத்து உலகத்தையே அழைக்கிறார்கள். நாம் கேட்பது அவ்வளவு பெரியது அல்ல. நம் தாய்மார் கரையோரம் பயமின்றி இரண்டு கிலோமீற்றர் நடக்க ஒரு வழி.

நாளை சுபஹுக்குப் பிறகு இன்ஷா அல்லாஹ் பத்து நிமிடம் போய்ப் பத்து நிமிடம் வாருங்கள். மறுநாளும் போங்கள். நாற்பது நாள் விடாமல் நடந்துவிட்டு அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது, வைத்தியர் "நடக்கிறீர்களா?" என்று கேட்டால் இந்தத் தடவை தலையாட்டத் தேவையில்லை. "ஓம், நடக்கிறேன்" என்று வாய் திறந்து சொல்லலாம்.